கட்டிலை விட்டு இறங்குங்கள், சித்தப்பா!

"உஸ்! மெதுவாப் பேசு தாயி. காதுல விழுந்தா அவுக எந்திரிச்சு வந்துருவாக!"

பாளையம்பட்டியில் என் சித்தி என்னை வரவேற்றது இப்படித்தான்.

அருப்புக்கோட்டையை ஒட்டினாற்போல் இருக்கிறது பாளையம்பட்டி. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஒரு பக்கம் போனால் ரமண மகரிஷி பிறந்த திருச்சுழி. இன்னொரு பக்கம் விருதுநகர். சித்தப்பாவுக்குத் தறிதான் சோறு போடும் தெய்வம். பன்னிரண்டு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். ஐம்பத்தெட்டு வயது வரை ஏறவில்லை.

அந்த வீட்டில் நான் தறிச் சத்தம் கேட்காத முதல் நாள் அதுதான். கூடத்தில் கட்டில். கட்டிலில் சித்தப்பா. ஏழு வாரமாக அப்படியே!

ஒரு நாள் இரவு நெஞ்சு வலியும் வியர்வையுமாகத் துடித்துப் போனாராம். 108 வண்டி வந்தது. மதுரைக்குக் கொண்டு போனார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் அடைப்பு. 'ஸ்டென்ட்' என்கிறார்களே, அந்தச் சின்ன வலைக்குழாயை உள்ளே வைத்து அடைப்பைத் திறந்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த உயிரை இனிப் பத்திரமாக வைத்துக்கொள்வது தன் பொறுப்பு என்று சித்தி எடுத்துக்கொண்டாள்.

எப்படிப் பத்திரம் என்கிறீர்கள்? குளிப்பது நாற்காலியில், சாப்பிடுவது கட்டிலில். பார்க்க வருகிறவர்கள் சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. டெலிவிஷன் நாடகத்தில் கொடுமைக்கார மாமியார் தலை காட்டினால் போதும், பெட்டியை அணைத்துவிடுவாள்! வெள்ளிக்கிழமை ஒருவர் தறியை விலை பேச வருவதாக இருந்தது.

சித்தி காப்பி போட உள்ளே போன சமயம், சித்தப்பா என் கையைப் பிடித்தார். கை மெலிந்திருந்தது.

"ஏம்மா, படிச்ச பிள்ளை நீ. நான் பொழைச்சுக்கிட்டேனா, இல்லையா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு எங்கே, சித்தி?" என்று கேட்டேன். பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில், மஞ்சள் கயிறு சுற்றிப் பூஜைப் பொருள்போல் வைத்திருந்தாள். ஐந்து பக்கம், எல்லாம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, ஒரே ஒரு வரி: தினமும் நடக்க வேண்டும், நடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், ஆறு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

ஏழு வாரமாக அந்த வரி பட்டுச் சேலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது!

டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள்

சித்தியைக் கண்டு சிரித்துவிடாதீர்கள். இந்தக் கட்டில் வைத்தியம் அவள் கண்டுபிடித்ததல்ல. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெரிய வைத்திய மேதைகளே இதைத்தான் சொன்னார்கள். மாரடைப்பில் இருதயத் தசையின் ஒரு பகுதி செத்துப் போகிறது. அந்தப் புண் ஆறித் தழும்பாக ஆறு வாரமாவது ஆகும். அதுவரை நோயாளி அசையவே கூடாது. இதுதான் அன்றைய வேதம். தலையணையைத் திருப்பிப் போடுவதற்குக்கூட நர்ஸ் வர வேண்டும்!

ஆச்சரியம் என்னவென்றால், அதற்கும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே வேறு விதமாகக் கண்ட ஒருவர் இருந்தார். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர். நடந்தால் நெஞ்சை அடைக்கும் நோயை 1772-ல் முதன்முதலாகத் தெளிவாக எழுதி வைத்தவர் அவர்தான். அந்த நோயாளிகளில் ஒருவர் தினம் அரை மணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டாராம். நோய் ஏறக்குறையக் குணமாகிவிட்டது என்று குறித்திருக்கிறார். அந்த மரம் அறுத்த மனிதரை உலகம் மறந்துவிட்டது.

1952-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற இரண்டு டாக்டர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். பெரிய காரியமில்லை, மாரடைப்பு வந்த 81 பேரைப் படுக்கையிலிருந்து எடுத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான்! அதற்கே மற்ற டாக்டர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தெம்பாகத்தான் வீடு திரும்பினார்கள்.

அதற்கு மூன்று வருஷத்துக்குப் பின், 1955 செப்டம்பர் 24-ல், அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கே மாரடைப்பு வந்துவிட்டது. வயது 64. இனி இவர் ஓய்ந்தார் என்றே பலரும் நினைத்தார்கள். அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட் என்ற நிபுணர் நடைக்கும் தேகாப்பியாசத்துக்கும் பெரிய பக்தர். தாமே சைக்கிள் மிதிக்கிறவர். ஜனாதிபதி ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சித்தப்பா கட்டிலில் கிடந்த அதே ஏழு வாரம்! ஆனால் அவர் வெளியே வந்து நடந்தார், கோல்ப் ஆடினார், 1956-ல் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். 1959 டிசம்பரில் நம் இந்தியாவுக்கும் விஜயம் செய்தார். 1969 வரை வாழ்ந்தார்.

ஐந்து வாலிபர்கள் படுத்த கதை

"ராஜா வீட்டுச் சங்கதி நமக்கு எதுக்கு? படுத்துக் கிடந்தா உடம்புக்கு என்ன கெடுதல்?" என்று சித்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

1966-ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேர். நோய் நொடி இல்லாதவர்கள். மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்தபோது, உடல் உழைப்புக்கு வேண்டிய பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தி நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது! முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். இப்போது ஐம்பது வயது, தொந்தி விழுந்தாயிற்று. ஆனாலும் இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கைக்குப் பின் இருந்ததைவிட மோசமாக ஒருவர்கூட இல்லை. அதாவது, மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதலை முப்பது வருஷ மூப்புக்கூடச் செய்யவில்லை.

ஆரோக்கியமான வாலிபர்களுக்கே இந்தக் கதி என்றால், இருதயம் அடிபட்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்குக் கேட்க வேண்டுமா?

லண்டன் நகரப் பஸ்களும் இதற்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. அங்கே மாடி பஸ். டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளெல்லாம் படி ஏறி இறங்குவார். ஜெர்ரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1953-ல் கணக்கு வெளியிட்டார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உயிர் பிழைத்தவர்கள் அதிகம். மாரிஸும் தம் ஆராய்ச்சியைத் தாமே நம்பினார். தேகப் பயிற்சியை விடாமல் செய்து, 2009-ல் நூறை நெருங்கும் வயதில்தான் காலமானார்.

நடை என்ன செய்கிறது?

செத்துப் போன தசையை நடை உயிர்ப்பிக்காது. அது உண்மை. பின் என்னதான் செய்கிறது?

கால் தசைகளைச் சிக்கனக்காரக் குடும்பத் தலைவியாக ஆக்குகிறது! பழகிய தசை, வந்த ரத்தத்திலிருந்து அதிகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. அதே வேலைக்கு இருதயம் முன்போல் அவ்வளவு வேகமாக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் தணிகிறது. சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. ரத்தக் குழாய்களின் உள்சுவர் சீர்படுகிறது. நல்ல தூக்கம் வருகிறது.

எல்லாவற்றையும்விட, பயம் போகிறது. மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு கடுமையாகப் பீடிக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது, மாத்திரையை ஒதுக்குவது, "இனி எதற்கு?" என்பது. இதெல்லாம் பிடிவாதம் அல்ல. நோயின் ஒரு பகுதி.

பயிற்சியோடு கூடிய இருதய மறுவாழ்வைப் பற்றி உலகெங்கும் நடந்த 85 ஆராய்ச்சிகளை 2021-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பங்கெடுத்தவர்கள் 23,000 பேருக்கு மேல். பயிற்சி பெற்றவர்களுக்கு மறு மாரடைப்பும் குறைவு, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போவதும் குறைவு, இருதய நோயால் மரணமும் குறைவு.

நம் நாட்டிலேயே யோகாசனத்தை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் துரைராஜ் பிரபாகரனும் லண்டனைச் சேர்ந்த சஞ்சய் கின்ராவும் தலைமை தாங்கினார்கள். 24 ஆஸ்பத்திரிகள், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேர். பாதிப் பேருக்கு 12 வாரத்தில் 13 யோக வகுப்புகள். எளிய ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி, தியானம், பழக்க வழக்கங்களைப் பற்றிய பேச்சு. 2020-ல் முடிவு பிரசுரமாயிற்று. மரணத்தைக் குறைத்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் யோகம் பழகியவர்கள் தங்கள் உடல்நிலை மேலாக இருப்பதாகச் சொன்னார்கள். மாரடைப்புக்கு முன் செய்துவந்த காரியங்களுக்கு அதிகமாகத் திரும்பினார்கள்.

சித்தப்பா கேட்டதும் அதுதானே? உயிரோடு இருப்பது ஒன்று, பிழைத்துக்கொள்வது வேறு.

நாற்பது சேலை தூரம்

மறு வாரமே மதுரைக்குப் போனோம். டாக்டர் இருதயத்தை 'எக்கோ' எடுத்துப் பார்த்தார். பிறகு நீண்ட தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்க விட்டு, நடந்த தூரத்தைக் குறித்துக்கொண்டார்கள். சித்தி தாழ்வாரத்தின் கோடியில், கீழே விழும் பிள்ளையைப் பிடிக்க நிற்பவள்போல் நின்றாள். சித்தப்பா விழவில்லை. பயிற்சி சொல்லித் தரும் பெண், "முதலில் ஐந்து நிமிஷம், காலையும் மாலையும். வாரா வாரம் சில நிமிஷம் கூட்டுங்கள். தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள்: அதுதான் இலக்கு" என்றாள்.

ஊர் திரும்பியதும் சித்தப்பா தம் கணக்கை ஆரம்பித்தார். மீட்டரும் மைலும் அவருக்குப் பிடிபடாது. "ஒரு சேலை அஞ்சரை மீட்டர். நம்ம வாசல்ல இருந்து வேப்பமரம் பத்துச் சேலை. ரெண்டு தடவை போய் வந்தா நாப்பது" என்றார். அன்று மாலை நாற்பது சேலை தூரம் நடந்தார். அதாவது 220 மீட்டர். சித்தி பின்னாலேயே ஒரு செம்புத் தண்ணீரோடு நடந்தாள். தெருவே திண்ணைக்கு வந்து பார்த்தது!

வெள்ளிக்கிழமை தறி பார்க்க வந்தவரை, "பங்குனி வரைக்கும் பொறுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்காக, நான் கேட்டு எழுதிக்கொண்ட குறிப்புகள் இவை.

முதலாவது: டாக்டரைக் கேளாமல் தொடங்கவே கூடாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதவர்கள், மூச்சு முட்டிக் கால் வீங்குகிறவர்கள், இருதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் ஆகியோருக்கு முதலில் சிகிச்சை, பயிற்சி பிறகு. ஜுரம் வந்த நாளில் எவருக்கும் ஓய்வுதான்.

வேகத்துக்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது! பாட முடிந்தால் நடை போதவில்லை. பேச முடியாவிட்டால் நடை அதிகம். நாடியை எண்ணி மட்டும் நம்ப வேண்டாம். இருதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடித் துடிப்பைத் தணித்தே வைத்திருக்கும்.

தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் மெதுவாக; முடிவிலும் ஐந்து நிமிஷம் மெதுவாக. ஓடுகிற தறியைச் சட்டென்று நிறுத்தினால் நூல் அறுந்து போகும் அல்லவா? அப்படித்தான். சாப்பிட்டதும் நடக்க வேண்டாம்; ஒரு மணி நேரமாவது போகட்டும். கரிசல் சீமை வெயிலில் நடை விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்தபின்தான். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அளவு உண்டு.

நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை: இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் வைத்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்ய வேண்டும். 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்பது ஆபத்து.

நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை அதிகம். நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை நடக்கலாம், பளு தூக்கக் கூடாது.

தம்பதிகள் டாக்டரிடம் கேட்கக் கூசும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கும் பதில் இருக்கிறது. இரண்டு மாடிப் படி ஏறி நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ இல்லாதவர்கள் பெரும்பாலும் பழைய இல்லற வாழ்வுக்குத் திரும்பலாம். மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுவிடுவது நல்லது.

நகரத்து ஆஸ்பத்திரி தூரமாயிற்றே என்று தயங்க வேண்டாம். முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஏறக்குறைய நிகரான பலன் தருகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு உடல் இயக்கப் பயிற்சியை வீட்டுக்கே வந்து சொல்லித் தர ஏற்பாடு செய்தார்கள். 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்தார்கள். எட்டும் நடக்க வேண்டாம். வேப்பமரம் வரை நடந்தால் போதும், முதல் நாளுக்கு.

சகோதரிகளே, உங்களுக்கும்தான்

மாரடைப்பு ஆண்களின் வியாதி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அப்படியல்ல. பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, அல்லது நெஞ்சு வலி தெரியாமலே, காரணமற்ற களைப்பு, மூச்சு வாங்குதல், தாடை வலி, முதுகு வலி, வயிற்றைப் புரட்டுதல் என்று வரலாம். 'வாயு' என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்!

பிழைத்து வந்தபின்னும் வித்தியாசம். ஆண் என்றால் கட்டில். பெண் என்றால் மறு வாரமே அடுப்படி. இரண்டும் தப்பு. "நான்தான் நாள் பூரா நடக்கிறேனே, எனக்கு என்ன பயிற்சி?" என்று சித்தியும் கேட்டாள். வீட்டு வேலை வேலைதான். யார் இல்லை என்றது? ஆனால் அது நின்று நின்று நடப்பது. இருதயம் ஒரு சீராகப் பழகுவதற்கு இடைவிடாத நடை வேண்டும். அதோடு, நிறைகுடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ கனக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நோய் கண்ட பெண்ணுக்கு நடை நல்லது, குடம் நல்லதல்ல. அந்தக் குடத்தைத் தூக்க வீட்டு ஆண்கள் இருக்கிறார்கள் அல்லவா?

பங்குனியில்

பங்குனியில் மறுபடி போனேன். விடியற்காலையில் வீடு பூட்டிக் கிடந்தது. எனக்குப் பகீர் என்றது. திண்ணையில் உட்கார்ந்து யாரைக் கேட்பது என்று யோசிப்பதற்குள், தெருக் கோடியில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் சித்தி; ஐந்தாறு அடி பின்னால் சித்தப்பா. செம்பைக் காணோம்.

"எத்தனை சேலை, சித்தப்பா?"

"நானூறு" என்றார், மூச்சு வாங்காமல். "ஒங்க சித்தி வேகத்துக்கு என்னால பாட முடியலை, பேசிக்கிட்டுத்தான் வாரேன்!"

டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தறியில் முதலில் அரை மணி நேரம் உட்கார்ந்தாராம். இப்போது காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி. அதற்கு மேல் சித்தி விடுவதில்லை. மாத்திரை வேளை தவறுவதில்லை. பீடிக் கட்டு வீட்டை விட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு பட்டுச் சேலையை விட்டு வெளியே வந்து, சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கடைசி வரிக்குக் கீழே யாரோ தமிழில் எழுதிச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் கேட்டது. நான் பேச வாயெடுத்தேன்.

"உஸ்!" என்றாள் சித்தி. "சத்தம் போடாத தாயி. தறி ஓடுறதக் கேக்கணும்."